மாமரத்தில் சாத்திய சைக்கிள்

அண்ணைக்கும் எனக்கும் ஐந்து வருடமாக நடந்த சண்டை ஒன்றுதான். கார் பெரிதா, சைக்கிள் பெரிதா? உடன்பிறந்தவர்கள் எங்கள் ஊரில் காணிக்காகச் சண்டை பிடிப்பார்கள். எங்களுக்குப் பிரித்துக்கொள்ளக் காணி இல்லாதபடியால் நாங்கள் இதைப் பிடித்தோம்.

அண்ணை உடுப்பிட்டிச் சந்தியில் வாடகைக் கார் ஓடினார். நான் மருத்துவிச்சி. பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் படித்துப் பத்திரம் வாங்கியவள். கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்களை இங்கே எழுத முடியாது. அண்ணை வீட்டின் பக்கத்து அறையில் இருந்தேன், அண்ணி சமைத்ததைச் சாப்பிட்டேன், என் வாய்க்கு வந்ததைக் கதைத்தேன்.

அண்ணையின் காரைப் பற்றி ஒரு சொல் குறைவாகச் சொன்னால் அன்றைக்கு வீட்டில் சோறு இறங்காது. கறுப்புக் கார், துணிக் கூரை, ரப்பர்ப் பந்தை அமத்தினால் கத்துகிற ஹோர்ன். காலையில் முன்னால் நின்று கைபிடியைச் சுழற்றி எழுப்ப வேண்டும். சில நாட்களில் அது எழும்பாது. அப்போது அண்ணை அதனோடு கதைக்கிற அன்பில் கால்வாசியை அண்ணியிடம் காட்டியிருந்தால் அந்தச் சீவன் இன்னும் கொஞ்சம் சந்தோஷமாக இருந்திருக்கும்.

நான் வேலைக்கு வந்த புதிதில், வசதியுள்ள வீட்டார் மருத்துவிச்சியைக் கார் அனுப்பி அழைப்பார்கள். அது வசதிக்காக மட்டும் இல்லை, மரியாதைக்காகவும்தான். எந்த வீட்டுக்கு எந்தக் கார் வந்தது, வாசல்வரை வந்ததா, ஒடுங்கிய ஒழுங்கையின் முகப்பிலேயே நின்றதா என்று ஊர் கணக்கெடுக்கும். வசதி இல்லாத வீட்டார் மாட்டுவண்டி அனுப்புவார்கள். அதுவும் இல்லாதவர்கள் நடந்து வந்து, நடக்கச் சொல்லிக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வேலிப் படலையடியில் நிற்பார்கள். நான் நடந்துதான் போவேன். ஆனால் இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல் தூரம் வெயிலில் நடந்துபோய்ச் சேர்ந்தால், பிள்ளை பெறுகிறவளுக்கு முன்னால் எனக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டி வரும்.

அதனால்தான் சைக்கிள் வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டுத் தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார ரீச்சரம்மாவிடம் வாங்கியது. நடுவில் குறுக்குக் கம்பி இல்லாத பெண்கள் சைக்கிள். சேலை சிக்காதபடி பின்சில்லுக்கு இரண்டு பக்கமும் நூல்வலை பின்னியிருந்தது. அறுவடை முடிந்த வயலில் ஓடிப் பழகினேன். முழங்கால்கள் இரண்டும் தேய்ந்தன. வரம்பில் ஏறி நின்று பார்த்த சனம் என் முழங்காலைப் பற்றிக் கவலைப்படவில்லை, சேலையைப் பற்றித்தான் கவலைப்பட்டது. ஒரு மாதத்துக்குள் எனக்குத் 'தபால்காரி' என்று பட்டம் வைத்துவிட்டார்கள்.

அண்ணைக்கு அது பெரிய அவமானம்.

"வீட்டிலை கார் நிக்குது. தங்கச்சி சைக்கிளிலை தெருத்தெருவாத் திரியிறாள். சனம் என்னைப் பாத்து என்ன கேக்கும்?"

"உங்கடை கார் போகாத ஒழுங்கையிலைதான் அண்ணை சனம் பிள்ளை பெறுது" என்பேன்.

"மழை பெஞ்சால் உன்ரை சைக்கிளுக்குக் கூரை இருக்கோ?"

"வெயிலடிச்சால் என்ரை சைக்கிள் சூடாகி நடுத்தெருவிலை நிக்கிறேல்லை."

"ஒருத்திக்கு ஏலாமல் வந்தால் பெரியாஸ்பத்திரிக்கு எதிலை ஏத்திக்கொண்டு போவாய்? பின்கரியரிலையோ?"

ஒரு நாள் அது நடந்தும் விட்டது. பிள்ளை பிறந்த பிறகு இரத்தம் நிற்காத ஒருத்தியைக் காரின் பின்சீற்றில் என் மடியில் கிடத்திக்கொண்டு பட்டணம்வரை போனோம். பள்ளம் கண்ட இடத்தில் அண்ணை மெதுவாக இறக்கி ஏற்றி, நேரான தெருவில் பறந்து, ஒரு மணித்தியாலத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவள் பிழைத்தாள். வீட்டுக்கு வந்ததும் அண்ணை காருக்கு முன்னால் நின்று சுருட்டுப் பற்றவைத்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. அன்று நான் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தக் காருக்கு ஒரு தொல்லை இருந்தது. பிள்ளை பிறந்த வீடு துடக்கு வீடு, தீட்டுப் பட்ட வீடு. அங்கே போய்வந்த என்னைத் தலை முழுகித் தோயாமல் வீட்டுக்குள் விடமாட்டார்கள். சரி, அது வழக்கம். என்னை ஏற்றிவந்த காரும் துடக்காகிவிடும் என்பது அண்ணையின் தொழில் வழக்கம். பிரசவ வீட்டுச் சவாரி முடிந்தால் காரை மஞ்சள் தண்ணீரால் கழுவி, பிள்ளையார் கோவிலுக்கு முன்னால் கொண்டுபோய்ச் சூடம் கொளுத்திய பிறகுதான் தெருவில் இறக்குவார். ஏனென்றால் அதே கார்தான் மறுநாள் மாப்பிள்ளைக் கார். மாப்பிள்ளை ஏறுகிற காரில் மருத்துவிச்சி ஏறியிருந்தாள் என்று தெரிந்தால் பொம்பிளை வீட்டார் முகம் சுளிப்பார்களாம். அந்த மாப்பிள்ளையும் ஒரு மருத்துவிச்சியின் கையில் விழுந்து அழுதவன்தானே என்று கேட்டேன். அண்ணை காதில் விழாத மாதிரி ரயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. பெற்றோலுக்குப் பங்கீட்டுக் கூப்பன் வந்தது. சந்தியில் நின்ற கார்களில் பாதி வீட்டுக் கொட்டிலுக்குள் போய் நின்றன. அண்ணையின் கார் கிழமைக்கு இரண்டு மூன்று நாள்தான் ஓடியது. என் சைக்கிளோ ஒரு நாளும் நிற்கவில்லை. காலையில் ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடு, பிறந்த பிள்ளையைக் குளிக்கவார்க்க ஒரு வீடு. மருத்துவிச்சி முன்னரைவிடக் கெதியாக வருகிறாள் என்று சனம் தானாகவே கதைக்கத் தொடங்கியது. எனக்குத் தலைக்கனம் ஏறியது. சாப்பாட்டு நேரத்தில் வேண்டுமென்றே, "இண்டைக்கு ஏழு கட்டை ஓடினனான், ஒரு சொட்டுப் பெற்றோல் இல்லை" என்று சொல்லுவேன். அண்ணை சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். பாவம், அப்போது அவரைச் சீண்டியிருக்க வேண்டியதில்லை.

அந்தத் தலைக்கனத்தைத்தான் ஒரு பெரிய வீட்டுப் படலையில் உடைத்தார்கள்.

மலாயாவில் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்த குடும்பம். கல்வீடு, முன்னால் குரோட்டன் வரிசை, பெற்றோல் இல்லாமல் துணி போர்த்தி நின்ற நீளக் கார். மகளுக்கு நோவு கண்டுவிட்டது என்று ஆள் வந்து சொன்னதும் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். படலையில் வீட்டுக்கார அம்மா நின்றார். என்னைப் பார்க்கவில்லை, சைக்கிளைப் பார்த்தார்.

"உதிலையே வந்தனீர்? கொஞ்சம் பொறுத்திருந்தால் எங்கையாவது ஒரு கார் பிடிச்சு அனுப்பியிருப்பமே. சனம் பாத்தால் என்ன நினைக்கும், எங்களுக்கு வழியில்லை எண்டெல்லோ நினைக்கும்?"

"பிள்ளைக்கு நோவு கண்டிட்டுது எண்டு சொன்னவை, அதுதான் கெதியா வந்தனான்."

"சரி சரி, வாரும். சைக்கிளைப் பின்னாலை மாட்டுக்கொட்டிலடியிலை விட்டிட்டு, குசினிப் பக்கத்தாலை வாரும்."

நான் பின்னால் போனேன். சாணிக் குவியலுக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்தினேன். அடுப்படிக் குசினி வாசலால் உள்ளே போய், அந்த வீட்டுப் பேரனைப் பத்திரமாக எடுத்துக் கொடுத்தேன். புதுச்சேலை தந்தார்கள். போகும்போது அந்த அம்மா நல்ல மனதோடுதான் சொன்னார், "இனிமேல் கார் அனுப்பினால்தான் வருவன் எண்டு நீரே சொல்லும். அப்பதான் உமக்கும் மதிப்பு." அவர் சொன்னது எனக்குக் கோபமாக இருந்தது. அதைவிட, அது சரிதானோ என்று தோன்றியதுதான் கூடக் கோபமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சைக்கிளை முற்றத்து மாமரத்தில் சாத்தினேன். அண்ணைக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவர் வென்றவராகிவிடுவார். எனக்குள் மட்டும் முடிவெடுத்தேன்: இனி யார் வந்தாலும் வாகனம் கொண்டு வரட்டும். பெரிய வீடு, சின்ன வீடு என்று வித்தியாசம் இல்லை. என்னைத் தபால்காரி என்று சிரித்த ஊர் இனி என்னைக் கார் அனுப்பி அழைக்கட்டும்.

ஒரு கிழமை கழிந்தது. காலை ஒன்பது மணி இருக்கும். தம்பி என்று கூப்பிடுகிற வயதில் ஒருவர் ஓடிவந்து படலையடியில் நின்றார். குத்தகைத் தோட்டத்தில் புகையிலை வைக்கிறவர், வீடு ஒன்றரைக் கட்டை தூரம். அவருடைய பெண்சாதிக்குத் தலைப்பிள்ளை. இரண்டு தரம் போய் அவளைப் பார்த்திருக்கிறேன். பதினெட்டு வயது, எதைச் சொன்னாலும் வாயைப் பொத்திச் சிரிப்பாள். தம்பியின் சால்வை தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியிருந்தது, காலெல்லாம் செம்மண்.

"அம்மா, விடியப்பறம் தொடங்கினது. இப்ப அடிக்கடி வருது. ஒருக்கா வாறியளே?"

நான் அவரை ஏற இறங்கப் பார்த்தேன். "வாகனம் எங்கை?" என்று கேட்டேன்.

அவருக்கு விளங்கவில்லை. நான் இன்னும் தெளிவாகச் சொன்னேன்: "கார் கொண்டுவாரும் தம்பி. கார் வந்தால் வாறன்."

அவர் "ஓம் அம்மா" என்று சொல்லிவிட்டுச் சந்திப் பக்கம் ஓடினார்.

எனக்குள் ஒரு கணக்கு இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். தலைப்பிள்ளை மத்தியானம் தாண்டித்தான் பிறக்கும். சந்தியில் அண்ணையின் கார் நிற்கிறது. கால் மணித்தியாலத்தில் கார் வரும், பிறகு பத்து நிமிடத்தில் போய்விடலாம். இப்படியெல்லாம் எண்ணிக்கொண்டு பையை அடுக்கி, வெள்ளைச் சேலை மாற்றி, கதிரையைப் போட்டு வாசலில் உட்கார்ந்தேன்.

சந்தியில் நடந்தது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அண்ணை அன்று காலைதான் காரை மஞ்சள் தண்ணீரால் கழுவிச் சூடம் கொளுத்தியிருந்தார். மறுநாள் காலையில் ஒரு கலியாணத்துக்கு அது மாப்பிள்ளைக் கார். அந்தச் சவாரிக்கென்று இரண்டு கிழமைக் கூப்பனைச் சேர்த்து வைத்திருந்தார். தம்பி போய்க் கேட்டதும் அண்ணை சொன்னாராம், "இண்டைக்கு இந்தக் கார் பிள்ளைப்பேத்து வீட்டுக்கு வராது தம்பி. கார் என்னத்துக்கு? அவளிட்டைச் சைக்கிள் இருக்கு. காரைவிடக் கெதியா வருவாள். போய்ச் சொல்லும்."

ஐந்து வருடத்தில் முதல் தடவையாக அண்ணை சைக்கிளுக்காகக் கதைத்தார். அதே காலையில் முதல் தடவையாக நான் காருக்காகக் கதைத்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் அந்த மனிதன் நின்றார்.

அவர் என்னிடம் திரும்பி வரவில்லை. வல்வெட்டித்துறையில் ஒரு கார் நிற்கும் என்று யாரோ சொல்ல, அங்கே ஓடியிருக்கிறார். அந்தக் கார்க்காரர் வீட்டில் இல்லை. அவர் வரும்வரை காத்திருந்து, பெற்றோல் இல்லை என்றவரைக் கெஞ்சி, இன்னொருவரிடம் ஒரு போத்தல் பெற்றோல் வாங்கி ஊற்றி, கார் என் படலைக்கு வந்தபோது பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. மூன்று மணித்தியாலத்துக்கு மேல். அவ்வளவு நேரமும் நான் கதிரையில் இருந்தேன். பதினொரு மணிக்கு ஒரு தரம் எழும்பினேன். மாமரம்வரை போனேன். சைக்கிளின் கைபிடியில் கை வைத்தேன். கார் கொண்டுவரச் சொல்லிவிட்டு இப்போது சைக்கிளில் போய் இறங்கினால் என் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று நினைத்தேன். திரும்பி வந்து இருந்தேன்.

அந்த நிமிடத்தை நான் எத்தனை தரம் நினைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

நான் போனபோது பிள்ளை கால்பக்கமாக வந்து தலை உள்ளே சிக்கி நின்றிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் தெரிந்ததைச் செய்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். நான் என் கையால் எடுத்தேன். ஆண்பிள்ளை. நிறைய முடி. அது மூச்சு விடவில்லை. நான் செய்யக்கூடியதெல்லாம் செய்தேன், வெகுநேரம் செய்தேன். நேரத்துக்குப் போயிருந்தால் பிழைத்திருக்கும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். கால்பக்கமாக வந்த பிள்ளைகள் ஐந்தை அதற்கு முன் எடுத்திருக்கிறேன், நான்கு பிழைத்தன. அந்தப் பெட்டைக்கு என் கையைத்தான் பிடிக்கத் தெரிந்தது. "பிள்ளை அழேல்லையே அம்மா" என்று கேட்டாள்.

பின்னேரம் அதே காரில் வீட்டுக்கு வந்தேன். தோய்ந்துவிட்டு முற்றத்தில் இருந்தபோது அண்ணை வந்தார்.

"சைக்கிளிலை போகச் சொல்லி அந்தத் தம்பியிட்டைச் சொன்னனானே. போகேல்லையோ?"

"இல்லை. கார் வரட்டும் எண்டு இருந்தனான்."

"நீயோ?" என்றார். பிறகு, "மாப்பிள்ளைக் கார் எண்டு பாத்திட்டன். கொண்டு வந்திருக்கலாம். கழுவிறது பெரிய வேலையே?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை. அந்தச் சண்டையை அதன் பிறகு நாங்கள் பிடிக்கவில்லை.

மறுநாளே நான் சைக்கிளை எடுத்தேன். எந்த வீட்டுக்கும் அதில்தான் போனேன். மலாயாக்காரர் வீட்டிலும் முன்படலையால் உள்ளே போய்ச் சைக்கிளைக் குரோட்டனுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அந்த அம்மா வழிவிட்டு விலகி நின்றார். என் முகத்தில் என்ன கண்டாரோ தெரியாது.

ஒன்றரை வருடம் போயிருக்கும். ஒரு நாள் பின்னேரம் அந்தத் தம்பி படலையடியில் வந்து நின்றார். தலையில் கொஞ்சம் நரை கண்டிருந்தது, அந்த வயதுக்கு அது அதிகம். பெண்சாதிக்கு ஏழு மாதம் என்றார். நான் உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"அம்மா, இந்தமுறை எல்லாம் ஆயத்தம். வல்வெட்டித்துறைக் காருக்கு இப்பவே சொல்லிப்போட்டன். நாள் கிட்டினால் எங்கடை ஒழுங்கை முகப்பிலையே கொண்டுவந்து விடுவார். போனமுறை என்ரை பிழை அம்மா. உங்களைக் கூப்பிட வெறுங்கையோடை ஓடி வந்திட்டன். முதலே காரைப் பிடிச்சுக்கொண்டு வந்திருக்க வேணும். சின்னப்பெடியன், தெரியேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

ஒன்றரை வருடமாக இந்த மனிதன் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். பிள்ளை போனது தான் கார் கொண்டுவரப் பிந்தியதால் என்று பெண்சாதிக்கும் சொல்லியிருப்பார். அவளும் நம்பியிருப்பாள். நான் பேசாமல் தலையாட்டியிருந்தால் அது அப்படியே போயிருக்கும். அதை நினைக்க எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது.

"தம்பி, இஞ்சை பாரும்" என்றேன். மாமரத்தைக் காட்டினேன். "அண்டைக்கும் என்ரை சைக்கிள் உதிலைதான் சாத்தி நிண்டது. ரயரிலை காத்தும் இருந்தது. நான் பத்து நிமிசத்திலை வந்திருக்கலாம். வீம்புக்குத்தான் கார் கேட்டனான். பிழை உம்முடையது இல்லை, என்னுடையது."

அவர் மாமரத்தைப் பார்த்தார். ஏசுவார், மண்ணை அள்ளித் திட்டுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"தெரியும் அம்மா" என்றார். "அண்டைக்கு வரேக்கையே சைக்கிளைக் கண்டனான்."

"கண்டனீரோ? பிறகேன் கேக்கேல்லை? சந்தியிலை அண்ணையும் சொன்னவரெல்லோ, சைக்கிளிலை வரச் சொல்லி?"

அவர் சால்வையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"அதெப்பிடி அம்மா? பெரியாக்கள் கார் அனுப்பிக் கூப்பிட்ட ஆள் நீங்கள். எங்களைப் போல ஆக்கள் உங்களைச் சைக்கிளிலை வாங்கோ எண்டு கேக்கலாமே?"



அன்றிலிருந்து நாலு நாளைக்கு ஒரு தரம் போய் அவளைப் பார்த்தேன். கடைசி மாதம் நாளாந்தம் போனேன். நோவு கண்ட அன்று ஆள் வந்து சொல்லுமுன்னரே நான் அந்த முற்றத்தில் நின்றேன். வல்வெட்டித்துறைக் காரை வேண்டாம் என்று சொல்லுவித்து, அண்ணை தன் காரைக் கொண்டுவந்து ஒழுங்கை முகப்பில் நிறுத்தினார். அடுத்த நாள் ஒரு கலியாணச் சவாரி இருந்தது. காரை எழுப்புகிற கைபிடியைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதும் பிசகினால் உடனே எழுப்ப ஆயத்தமாக மத்தியானம்வரை நின்றார். கார் தேவைப்படவில்லை. பெண்பிள்ளை, தலைப்பக்கமாக வந்தது, வந்த உடனேயே அழுதது.

நான் வெளியே வந்தபோது அந்தத் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"அம்மா, போறதுக்கு உங்கடை அண்ணையைக் காரை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லட்டோ?"

வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. என் சைக்கிளைத் தானே எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, ஒழுங்கை முகப்புவரை உருட்டிக்கொண்டு வந்தார். வேலிகளுக்கு மேலால் சனம் எட்டிப் பார்த்தது. நான் வெறுங்கையோடு அவருக்குப் பின்னால் நடந்தேன். அண்ணை காருக்குள் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகப்பில் தம்பி சைக்கிளை என் கையில் தந்தபோது அவர் முகத்தை நேரே பார்க்க எனக்கு முடியவில்லை.